சாம்பலுக்குத் தப்பிய ஏடுகள்

1961 மே 3 அன்று பிரிட்டனின் காலனி அமைச்சர் இயன் மெக்லியோட், விடுதலை கொடுக்கப்படவிருந்த நாடுகளின் ஆளுநர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பினார். பொறுப்பேற்க வரும் புதிய அரசின் கையில் எந்தெந்தத் தாள்கள் சிக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். மாட்சிமை தங்கிய அரசுக்குச் சங்கடம் தருபவை, போலீசாருக்கும் ராணுவத்தினருக்கும் துப்புக் கொடுத்தவர்களுக்கும் சங்கடம் தருபவை, உளவு வந்த வழியைக் காட்டிக் கொடுப்பவை என்று வகை பிரித்திருந்தார்கள். அழிக்கும் முறைக்கும் விதிகள் இருந்தன. எரித்தால் சாம்பலாகும்வரை எரிக்க வேண்டும். சாம்பலையும் கிளறி உடைத்துவிட வேண்டும். எரிக்க வசதியில்லையென்றால் கனமேற்றிய பெட்டிகளில் அடைத்து, கரையிலிருந்து வெகு தொலைவில், நீரோட்டமில்லாத ஆழ்கடலில் போட வேண்டும். கென்யாவில் இந்த வேலையைத் தொடுவதற்கு ஒரு தகுதியும் வைத்தார்கள்: ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் குடியாக இருக்க வேண்டும். கறுப்பினக் குமாஸ்தா எவரும் அந்தக் கோப்புகளின் பக்கம் வரக் கூடாது.

ஒரு பேரரசு தன் எழுத்தைக் கண்டு இத்தனை பயந்தது என்றால், அந்த எழுத்தில் இருந்ததுதான் காரணம். 1952 அக்டோபர் 20 முதல் 1960 ஜனவரி வரை கென்யாவில் நெருக்கடி நிலை நடந்தது. மாவ் மாவ் என்று உலகம் அறிந்த எழுச்சியை ஒடுக்கிய ஆண்டுகள் அவை. அதில் ஈடுபட்டவர்கள் தங்களை நிலம், விடுதலை ஆகியவற்றுக்கான படை என்றே சொல்லிக்கொண்டார்கள். தூக்கிலிடப்பட்டவர்கள் மட்டும் 1,090 பேர் என்று வரலாற்றாசிரியர் டேவிட் ஆண்டர்சன் நீதிமன்ற ஆவணங்களை வைத்துக் கணக்கிட்டார். முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் அரசின் கணக்கில் சுமார் 80,000 பேர். உண்மையில் அதைப்போல் பல மடங்கு என்கிறார் வரலாற்றாசிரியர் கரோலின் எல்கின்ஸ். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிகுயு இன மக்கள் வீடுகளிலிருந்து பிடுங்கப்பட்டு, முள்வேலியும் காவல் கோபுரமும் கொண்ட கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். மாவ் மாவ் கையால் இறந்த வெள்ளைக் குடியேறிகள் 32 பேர்.

எரித்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் நடந்த எழுத்து வேலைக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. மழைக்காட்டில் பதுங்கித் திரிந்த கெரில்லாக்கள் பதிவேடு வைத்திருந்தார்கள். முகாமில் அடிபட்டுக் கிடந்தவர்கள் மனு எழுதினார்கள். ஒருவர் நாட்குறிப்பு வைத்திருந்தார். இவர்களில் எவரும் எழுத்தாளர் பட்டத்துக்காக எழுதியவர்கள் அல்லர். கென்ய மக்களின் போராட்டம் இன்றைக்குக் கதையாக மட்டும் மிஞ்சாமல் வரலாறாக நிற்பதற்கு ஒரு மகத்தான நூல் காரணமில்லை, ஒரு வகைக் குமாஸ்தாப் பிடிவாதமே காரணம் என்பது என் எண்ணம்.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1952-க்கு முன்னால் போக வேண்டும். கிகுயு மக்கள் மிஷன் பள்ளிகளில் எழுத்துக் கற்றார்கள். பிறகு மிஷனோடு பிணங்கித் தாங்களே சுதந்திரப் பள்ளிகள் நடத்தினார்கள். 1928-லேயே ‘முயிக்விதானியா’ என்ற கிகுயு மொழி இதழ் வந்தது. அதன் ஆசிரியர் பின்னாளில் நாட்டின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டா. 1945-ல் ஹென்றி முவோரியா தொடங்கிய ‘முமென்யெரெரி’ நாற்பதுகளின் பிற்பகுதியில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. நைரோபியில் இருந்த இந்தியர்களின் அச்சகங்களுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. ‘கலோனியல் டைம்ஸ்’ நடத்திய கிர்தாரி லால் வித்யார்த்தி ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர். நெருக்கடி நிலை வந்ததும் ஆப்பிரிக்க மொழி இதழ்கள் நிறுத்தப்பட்டன. அதற்குச் சற்று முன் இங்கிலாந்து போயிருந்த முவோரியா ஊர் திரும்ப முடியாமல் லண்டன் சுரங்க ரயிலில் கார்டாக வேலை பார்த்து அங்கேயே குடும்பம் நடத்தினார். நாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்த பத்திரிகை ஆசிரியருக்கு ரயில் கொடி கிடைத்தது.

அச்சிட முடிந்தவரை அச்சிட்டார்கள். அதில் பெரிய ஆயுதம் பாட்டுப் புத்தகம். கிறிஸ்தவத் துதிப்பாடல்களின் மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, இயேசு இருந்த இடத்தில் கென்யாட்டாவையும் பரலோகம் இருந்த இடத்தில் பறிபோன நிலத்தையும் வைத்தார்கள். துரைமார்களின் சமையல்காரர்களும் தோட்டக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாடினால், துரைமார்கள் ஜெபக்கூட்டம் என்று நினைத்துக் கடந்து போனார்கள். கிகுயு மொழி அறிந்த மானிடவியலாளர் லூயிஸ் லீக்கி இதை எடுத்துச் சொன்னபோது காலம் கடந்துவிட்டிருந்தது. ககாரா வா வாஞ்ஜாவ் என்ற எழுத்தாளர் 1952 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே போனார். திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்தின் நடையிலேயே, கிகுயு மக்களின் ஆதி பெற்றோரான கிகுயு, மும்பி இருவரின் பேரில் ஒரு பிரமாணத்தை எழுதி வெளியிட்டார். அக்டோபர் 20 இரவு கைதானவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

அவரிடம் பிறகு வருவோம். முதலில் காட்டுக்குப் போக வேண்டும்.

அபெர்டேர் மலைத்தொடரைக் கிகுயு மக்கள் நியாண்டருவா என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேல், மூங்கில் காடும் பனிமூட்டமும் காட்டெருமைகளும் நிறைந்த இடம். 1953-லிருந்து டெடான் கிமாத்தி என்பவரின் தலைமை அங்கே உருவானது. அவர் 1920-ல் பிறந்தவர். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அவரிடம் தலைமைச் செயலராக இருந்த கராரி ஞாமாவும் பள்ளி ஆசிரியர்தான். ஞாமாவின் நினைவுகளும் அமெரிக்க மானிடவியலாளர் டொனால்ட் பார்னெட்டின் ஆய்வும் சேர்ந்து 1966-ல் வெளிவந்த ‘மாவ் மாவ் ஃப்ரம் விதின்’ என்ற நூலைப் படிக்கிறவர்களுக்கு முதலில் வியப்பளிப்பது, காட்டுக்குள் ஓடிய காகிதத்தின் அளவு. 1953 ஆகஸ்டில் முவாத்தே என்ற இடத்தில் படைத்தலைவர்கள் கூடிய பெரிய கூட்டத்துக்குப் பிறகு எழுத்து ஓர் ஒழுங்காகவே ஆனது. படைகளுக்குப் பதிவேடுகள், பதவி உயர்வுக்குக் கடிதங்கள், கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்புகள், வெளியே அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதங்கள். 1954 பிப்ரவரியில் கென்யா பாராளுமன்றம் என்ற பெயரில் ஓர் அமைப்பையே காட்டுக்குள் நிறுவினார்கள்.

தின்ன உணவில்லாத இடத்தில் எதற்கு இத்தனை தாள்? எதிரி வசம் சிக்கினால் ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரியாததா? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. அரசு என்பது பதிவேடு வைத்திருப்பது என்று காலனி ஆட்சி அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. கொள்ளைக்கூட்டம் என்று அரசு சொன்னதற்கு, நாங்களும் அரசு என்பதே அவர்கள் கொடுத்த மறுமொழி. இன்னொன்று, வெற்றி பெற்ற பிறகு நிலம் பங்கிடப்படும்; யார் எப்போது காட்டுக்கு வந்தார், யார் எங்கே இறந்தார், யார் விதவை, யார் அநாதை என்பதற்கு அன்று ஆதாரம் வேண்டும். வரப்போகும் நாளுக்கான பட்டா என்று நினைத்துத்தான் அந்தப் பெயர்ப் பட்டியல்களை எழுதினார்கள். அந்த நாள் அவர்கள் நினைத்தபடி வரவில்லை என்பது வேறு.

ஞாமாவின் நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. போராட்டத்தைப் போற்றி எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். எழுத்தே காட்டுக்குள் ஒரு பிளவை உண்டாக்கியது. ஸ்டான்லி மதெங்கே வயதிலும் அனுபவத்திலும் மூத்த தளபதி. இரண்டாம் உலகப்போரில் பங்கெடுத்தவர். ஆனால் அதிகம் படிக்காதவர். படித்தவர்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு தலைமையையும் பிடித்துக்கொண்டார்கள், நாளை சுதந்திரம் வந்தாலும் இவர்களே மேலே ஏறி உட்காருவார்கள் என்ற கசப்பு அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு வளர்ந்தது. 1955-ல் கென்யா ரீகி என்ற தனி அணி தோன்றியதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். ஞாமா எழுதத் தெரிந்த அணியைச் சேர்ந்தவர். அவருடைய நூலில் மதெங்கே தரப்பின் வாதம் எதிராளியின் வாயிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. மதெங்கே எழுதிய நூல் எதுவும் இல்லை. கிமாத்தி தன் ஆட்களுக்கே விதித்த தண்டனைகளையும், பின்னாட்களில் அவரைப் பிடித்த சந்தேகத்தையும் ஞாமா மறைக்காமல் எழுதினார் என்பதால் அந்த நூலின் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது. தலைவனைச் சிலையாக்குகிற அவசரம் அதில் இல்லை.

1956 அக்டோபர் 21 அன்று காட்டின் ஓரத்தில் கிமாத்தி சுடப்பட்டுப் பிடிபட்டார். நவம்பரில் நியேரி நகரில் தலைமை நீதிபதி கென்னத் ஓ’கானர் முன்னால் விசாரணை நடந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. நெருக்கடி நிலைச் சட்டத்தில் அதற்கே தூக்கு. 1957 பிப்ரவரி 18 அன்று கமிட்டி என்ற சிறையில் தூக்கிலிட்டு, அடையாளமில்லாத குழியில் புதைத்தார்கள். விசாரணைக் கோப்பு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. தொலைந்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். ஜூலி மெக்கார்தர் என்ற வரலாற்றாசிரியர் அதைத் தேடியெடுத்து 2017-ல் நூலாகப் பதிப்பித்தார். கிமாத்தி மருத்துவமனைப் படுக்கையில் சொன்னது, குறுக்கு விசாரணையில் சொன்னது, மேல்முறையீடு எல்லாம் அதில் இருக்கின்றன. அரசு அவரைக் கொல்வதற்காகத் தொகுத்த தாள்களில்தான் அவருடைய குரல் இன்று கேட்கிறது. ஒடுக்குகிறவனின் ஆவணக்கூடம் ஒடுக்கப்பட்டவனுக்குச் சாட்சியாவது புதிதில்லை. நம் ஊரிலும் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்த தமிழ் நூல்கள் பல, பறிமுதல் செய்யப்பட்ட பிரதிகளாகவே பிழைத்திருக்கின்றன.

முகாம்களின் கதை வேறு மாதிரி. அங்கே பேனாவும் தாளும் கிடைப்பதே பெரும்பாடு. இருந்தும் முகாம்களிலிருந்து நூற்றுக்கணக்கான கடிதங்கள் வெளியே போயின. ஆளுநருக்கு, காலனி அமைச்சருக்கு, லண்டனில் தொழிற்கட்சியின் பார்பரா காசில், ஃபென்னர் பிராக்வே போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு. ரேஷன் போதவில்லை, இன்ன காவலர் இன்ன தேதியில் இன்னாரை அடித்தார் என்று தேதியோடும் பெயரோடும் எழுதப்பட்ட கடிதங்கள். காவலர்களில் மனமிரங்கியவர்களையோ காசுக்கு மசிந்தவர்களையோ பிடித்து வெளியே அனுப்பினார்கள். இந்த வேலையில் பேர் பெற்றவர் ஜே.எம். கரியுகி. பதினான்கு முகாம்களில் ஏழாண்டுகள் இருந்த அவர், கடிதம் எழுதியதற்காகவே அடிபட்டவர். 1963-ல், சுதந்திரம் வந்த அதே ஆண்டில், அவருடைய ‘மாவ் மாவ் டிடெய்னி’ வெளிவந்தது. முகாம் அனுபவத்தை உள்ளிருந்தவர் ஒருவரே நூலாக எழுதியதில் முதல் வரிசையில் நிற்பது அது. கோபத்தைக் கையில் அடக்கிக்கொண்டு எழுதிய புத்தகம். வெள்ளையரோடு சேர்ந்து வாழ வேண்டிய புதிய நாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு சில இடங்களில் குரலைத் தாழ்த்துகிறார். அந்த நேரத்தில் எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று தோன்றுகிறது.

ககாரா வா வாஞ்ஜாவிடம் திரும்புவோம். அவர் கைதானபோது வயது முப்பத்தொன்று. நெருக்கடி நிலை முடியும் தறுவாய்வரை வெவ்வேறு முகாம்களில் இருந்தார். அவற்றில் இந்தியப் பெருங்கடல் கரையோரம் இருக்கும் மண்டா தீவும் ஒன்று. இந்தக் காலத்தில் அவர் ரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். முகாமின் சாப்பாடு, வேலை நிறுத்தம், கைதிகளுக்குள் யார் மனம் தளர்ந்தார், யார் குற்ற ஒப்புதல் கொடுத்து வெளியேறினார், மனைவியிடமிருந்து கடிதம் எப்போது வந்தது. வீரச் சொற்கள் குறைவு; அன்றாடம் அதிகம். இது 1983-ல்தான் கிகுயு மொழியில் அச்சானது. அடுத்த ஆண்டு, ஆப்பிரிக்கப் பதிப்புலகின் பெரிய விருதான நோமா விருதைத் தென்னாப்பிரிக்காவின் நிஜாபுலோ இன்டெபெலேயுடன் பகிர்ந்துகொண்டது. ஆப்பிரிக்க மொழி ஒன்றில் சுதந்திரப் போராட்டத்தைப் பற்றிய முதல் தர ஆவணம், எழுதப்பட்ட கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஏன் அத்தனை தாமதம் என்பதற்கு விடை, சுதந்திர கென்யாவிடம் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஆட்சியாளர் தரப்பு எழுத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம், அதற்கு மேல் அது தாங்காது. 1954-ல் மருத்துவர் ஜே.சி. கரோதர்ஸ், மாவ் மாவ் என்பது நவீன வாழ்க்கையைச் சமாளிக்க முடியாத மனத்தின் கோளாறு என்று அரசுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். 1955-ல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ருவார்க்கின் நாவல் லட்சக்கணக்கில் விற்றுத் திரைப்படமும் ஆனது. உலகத்தின் மனத்தில் அரிவாளோடு நிற்கும் காட்டுமிராண்டி உருவத்தைப் பதித்ததில் அதற்குப் பங்குண்டு. 1960-ல் கார்ஃபீல்ட் அறிக்கை அரசாங்க முத்திரையோடு அதே கதையைச் சொன்னது. 1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில் வேலை செய்ய மறுத்த பதினோரு கைதிகளை அடித்துக் கொன்றுவிட்டு, தண்ணீர் குடித்த பின் இறந்ததாக அறிவித்ததும் இந்த எழுத்து வகையைச் சேர்ந்ததே. அந்தப் பொய் பிரேதப் பரிசோதனையில் உடைந்தது. அதே ஆண்டு ஜூலையில் லண்டன் பாராளுமன்றத்தில் அதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியவர்களில் பழமைவாதக் கட்சியின் ஈனக் பவலும் ஒருவர்.

1963 டிசம்பர் 12. கென்யா விடுதலை பெற்றது. காட்டிலிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். நிலத்தை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று ஆனது. விலை கொடுக்கப் பணமிருந்தவர்களில், காலனி அரசின் பக்கம் நின்ற முன்னாள் விசுவாசிகள் அதிகம். பழையதை மறந்துவிடுவோம், விடுதலைக்காக எல்லோருமே போராடினோம் என்றார் கென்யாட்டா. மாவ் மாவ் மீதான காலனி ஆட்சியின் தடை சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. அது நீங்கியது 2003-ல், முவாய் கிபாகி ஆட்சிக்கு வந்த பிறகு. அதாவது சுதந்திர நாட்டில் நாற்பது ஆண்டுகள், அந்தச் சுதந்திரத்துக்காகக் காட்டுக்குப் போனவர்கள் தடை செய்யப்பட்ட இயக்கத்தினர்.

இந்த நாற்பது ஆண்டுகளில் எழுத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால், வெள்ளை ஆட்சிக்கும் கறுப்பு ஆட்சிக்கும் ஒரே விஷயத்தில் ஒற்றுமை தெரிகிறது. நாடாளுமன்ற உறுப்பினராகி ஏழைகளின் பக்கம் பேசிய கரியுகி 1975 மார்ச்சில் கொலை செய்யப்பட்டார். போராட்டப் பாடல்களைத் தொகுத்து 1980-ல் நூலாக்கிய வரலாற்றாசிரியர் மைனா வா கின்யாட்டி 1982-ல் கைதாகி, ராஜத்துரோக ஆவணம் வைத்திருந்த குற்றத்துக்கு ஆறாண்டு தண்டனை பெற்று 1988-ல் வெளியே வந்தார். அவர் உள்ளே இருந்தபோது, 1987-ல் லண்டனில், கிமாத்தியின் தாள்கள் என்ற தொகுப்பு அவர் பெயரில் வெளிவந்தது. அதில் சில ஆவணங்களின் மூலத்தைப் பற்றி ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தாள்களைத் திறந்த ஆவணக்கூடத்தில் வைக்க வழியில்லாத நாட்டில், சரிபார்ப்பதும் கடினமாகிவிடுகிறது.

கூகி வா தியாங்கோ இந்த வரிசையில் மிகப் பெரிய பெயர். 1938-ல் லிமுரு அருகே கமிரித்து கிராமத்தில் பிறந்தவர். ஓர் அண்ணன் காட்டுக்குப் போனார். காது கேளாத இன்னொரு சகோதரர், படையினர் நில் என்றது கேட்காமல் சுடப்பட்டு இறந்தார். 1955-ல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்த பையனுக்குத் தன் கிராமத்தையே காணோம், இடித்துத் தள்ளியிருந்தார்கள். இத்தனையையும் சுமந்தவர் 1967-ல் ‘எ கிரெய்ன் ஆஃப் வீட்’ நாவலை எழுதியபோது வீரனை நடுவில் வைக்கவில்லை. ஊரே தியாகி என்று கொண்டாடும் ஒருவன், உண்மையில் போராளியைக் காட்டிக் கொடுத்தவன். பதிவேட்டில் ஏற்ற முடியாத ஒன்றை அந்த நாவல் காப்பாற்றி வைத்தது. கிகுயு மக்கள் தங்களுக்குள்ளேயே இரண்டுபட்டு, அண்ணன் காட்டிலும் தம்பி ஊர்க்காவல் படையிலும் நின்ற கதை அது. இறந்த ஆப்பிரிக்கர்களில் கணிசமானோர் ஆப்பிரிக்கர் கையால் இறந்தவர்கள். 1953 மார்ச் 26 இரவு லாரி என்ற ஊரில் விசுவாசிகளின் குடும்பங்கள் வீடுகளோடு எரிக்கப்பட்டன. அதற்குப் பழிவாங்கியவர்களும் கணக்குப் பார்க்கவில்லை. இயக்க நினைவுக்குறிப்புகளில் லாரி சுருக்கமாகவே வரும்.

1977 அக்டோபரில் கமிரித்து மக்களே நடித்த கூகியின் கிகுயு நாடகம் அரங்கேறியது. ஆறு வாரத்தில் உரிமம் ரத்து. டிசம்பர் 31 அன்று கைது. கிமாத்தியைத் தூக்கிலிட்ட அதே கமிட்டி சிறையில், கழிப்பறைத் தாளில் தன் முதல் கிகுயு நாவலை எழுதினார். 1982-ல் கமிரித்து மக்கள் கட்டிய திறந்தவெளி அரங்கத்தைப் போலீஸ் வந்து தரைமட்டமாக்கியது. அந்தச் சிறை நாவல் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற தலைப்பில் தமிழிலும் உண்டு. தமிழ் வாசகர்கள் அவரை மொழி அரசியலின் ஆளாகவே பெரும்பாலும் படித்திருக்கிறோம். அவருக்குக் கிகுயு மொழிக்குத் திரும்புவது என்பது, முவோரியாவும் ககாராவும் எழுதிய, 1952-ல் அறுபட்ட ஒரு தொடரை மறுபடி முடிச்சுப்போடுவது. அதையும் சேர்த்துப் படித்தால் அந்த முடிவின் கனம் தெரியும். 2025 மே 28 அன்று அமெரிக்காவில் அவர் இறந்தார்.

பெண்கள் இந்த எழுத்தில் எங்கே? உணவும் தோட்டாவும் செய்தியும் சுமந்து சென்றவர்கள், கமிட்டி பெண்கள் முகாமில் ஆயிரக்கணக்கில் அடைபட்டவர்கள், சுற்றிவளைக்கப்பட்ட கிராமங்களில் அகழி வெட்டியவர்கள் அவர்கள்தான். ஆண்களின் நினைவுக்குறிப்புகள் அறுபதுகளிலேயே வரிசையாக வந்தபோது, முத்தோனி லிகிமானியின் கடவுப்புத்தக எண்ணைத் தலைப்பாகக் கொண்ட நூல் 1985-லும், வம்புயி ஒட்டியெனோவின் தன்வரலாறு 1998-லும்தான் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் அனுபவம் பெரும்பாலும் பாட்டிலும், வெகு காலம் கழித்து ஆய்வாளர்கள் எடுத்த பேட்டிகளிலும்தான் இருக்கிறது. எல்கின்ஸின் நூல் அத்தகைய நூற்றுக்கணக்கான பேட்டிகளின் மேல் நிற்கிறது. அவர் தேடத் தொடங்கியபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்: மூன்று துறைகள் ஒவ்வொரு கைதிக்கும் தனிக் கோப்பு வைத்திருந்தன, 80,000 பேர் என்றால் 2,40,000 கோப்புகள் இருக்க வேண்டும். அவர் கண்டது சில நூறு. 2005-ல் அவருடைய நூல் வந்தபோது, கிழவர்கள் சொன்னதையெல்லாம் நம்பி எழுதிவிட்டார் என்று கேலி செய்த வரலாற்றாசிரியர்கள் இருந்தார்கள்.

பிறகு வழக்கு வந்தது. முகாம்களில் விதையடிப்பும் பாலியல் சித்திரவதையும் அடி உதையும் அனுபவித்த முதியவர்கள் சிலர், 2009-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஆண்டர்சன் முதலான வரலாற்றாசிரியர்கள், கென்யாவிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்ட கோப்புகள் எங்கேயோ இருக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் அழுத்திச் சொன்னார்கள். சுதந்திரத்துக்கு முன் சுமார் 1,500 கோப்புகள் அப்படி எடுத்துச் செல்லப்பட்டதற்குத் தடயம் இருந்தது. 1967-லிருந்து கென்யா கேட்டும் கொடுக்கவில்லை. 2011-ல் வெளியுறவு அலுவலகம் ஒப்புக்கொண்டது. பக்கிங்ஹாம்ஷயரில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற, வேலி போட்ட அரசு வளாகத்தில் கென்யாவின் கோப்புகள் மட்டுமல்ல, 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் ஐம்பது ஆண்டுகளாகக் கிடந்தன. எரிக்கச் சொன்ன அறிவுறுத்தல்களும் அவற்றோடேயே கிடைத்தன. எரிக்கும்போதும் எரித்தோம் என்று சான்றிதழ் எழுதி வைக்கும் நிர்வாகம் அது. 1957-ல் கைதிகளை அடிப்பதற்குச் சட்ட வழி வகுத்துக் கொடுத்த தலைமை வழக்கறிஞர் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ், பாவம் செய்யத்தான் போகிறோம் என்றால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்று ஆளுநருக்கு எழுதிய கடிதமும் வெளிவந்தது.

இத்தனை ஆண்டுகள் கழித்து நியாயமான விசாரணை நடக்குமா என்பதே வழக்கின் பெரிய கேள்வி. 2012 அக்டோபர் 5 அன்று நீதிபதி மெக்கோம், எழுத்து ஆவணங்கள் இவ்வளவு விரிவாக இருப்பதால் நடக்கும் என்று தீர்ப்பளித்தார். 2013 ஜூன் 6 அன்று பிரிட்டிஷ் அரசு 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. முகாமில் நடந்ததை அந்த முதியவர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரியுகி 1963-லேயே அச்சில் சொல்லியிருந்தார். அவர்களை அடித்தவர்களின் கோப்பு வாய் திறக்கும்வரை லண்டன் அதைச் சாட்சியமாக ஏற்கவில்லை. இதை நீதியின் வெற்றி என்று எழுதியவர்கள் இந்த வரிசையையும் எழுதியிருக்க வேண்டும்.

இதைத் தொடர்ந்து 40,000-க்கும் மேற்பட்ட கென்யர்கள் இன்னொரு வழக்குத் தொடுத்தார்கள். அடி உதையோடு, வீடு இழந்தது, கட்டாய வேலை, முள்வேலிக் கிராமத்தில் அடைபட்டது எல்லாம் அதில் இருந்தன. அவர்களில் ஒவ்வொருவருக்கும் நேர்ந்ததைக் காட்டும் தாள் இல்லை. காலம் கடந்துவிட்டது, சாட்சிகளும் ஆவணங்களும் மறைந்துவிட்டதால் நியாயமான விசாரணைக்கு வாய்ப்பில்லை என்று சொல்லி 2018-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.